நான் தலைகீழாகக் கண்ணாடி போட்ட பூ

மறக்க முடியாத சந்திப்பைப் பற்றி எழுதச் சொன்னால், இந்தக் குழுவில் எல்லாரும் நடிகர்களையும் கிரிக்கெட் ஆட்டக்காரர்களையும் சந்தித்த கதையாக எழுதுகிறீர்கள். எனக்கு அப்படி யாரும் வாய்க்கவில்லை. வேலூரில் ஃபிரேம் கடை வைத்திருக்கிறேன். என்னிடம் வருவது மூன்றே வகைப் படம்தான்: சாமி, கல்யாணம், காலமானவர். நாலாவது வகையைக் கொண்டுவந்தவர் ஒரே ஒருவர். அவரைப் பற்றித்தான் இது.

இரண்டு வருடம் முன்பு, மாசி மாதம். பெரிய அட்டை ஃபைல் ஒன்றை நெஞ்சோடு அணைத்தபடி ஓர் அம்மா படியேறி வந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். பள்ளிக்கூடத்து டீச்சர் என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிட்டது. நான் ஒரு கேள்விக்கு வாய் திறப்பதற்குள் அடுத்தது வந்தது. கண்ணாடி படத்தைத் தொடுமா? பின்னால் என்ன அட்டை வைப்பீர்கள்? எதை வைத்து ஒட்டுவீர்கள்?

“மைதா பசைதான் டீச்சர். அப்பா காலத்திலேர்ந்து அதான்.”

ஃபைலைத் திரும்ப அணைத்துக்கொண்டார். கடையை விட்டே போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை, ஸ்டூலில் உட்கார்ந்து பாடம் எடுத்தார். படத்தை முழுக்க ஒட்டக்கூடாது. மேல் ஓரத்தில் இரண்டே இடத்தில், மெல்லிய காகிதத் துண்டைக் கதவுக் கீல் போல மடித்து, கோதுமை ஸ்டார்ச் பசையால் பிடிக்கவைக்க வேண்டும். நாளைக்குத் தண்ணீர் தொட்டு எடுத்தால் வந்துவிட வேண்டும். மவுண்ட் போர்டு, அதாவது படத்தைச் சுற்றி வைக்கிற அட்டை, அமிலம் இல்லாததாக இருக்க வேண்டும். மவுண்ட் கொடுக்கிற இடைவெளியால் கண்ணாடி வாட்டர்கலரைத் தொடாது. தொட்டால் மழைக்காலத்தில் உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். முப்பது வருடம் தொழில் செய்தவனுக்கு இது கொஞ்சம் உறைத்தது. ஆனால் பூஞ்சை பிடித்துத் திரும்பி வந்த படங்கள் அப்போது கடைப் பரண் மேல் நாலைந்து கிடந்தன. அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

மொத்தம் 22 படங்கள். எல்லாம் ஆர்க்கிட். காகிதம் 300 ஜிஎஸ்எம், நல்ல கெட்டி, இஸ்திரி போட்ட வேட்டி மாதிரி வழவழவென்று இருந்தது. எனக்கு ஆர்க்கிட் என்றால் கல்யாண மேடையில் செருகுகிற ஊதாப் பூதான். இவர் வரைந்ததில் பாதி, பூ என்று சொன்னால்தான் பூ. ஒன்று வாந்தா. மஞ்சள் கலந்த பச்சை இதழ், அதன் மேல் பழுப்பில் வலை பின்னிய மாதிரிக் கோடுகள், நடுவில் உதடு மாதிரி ஓர் ஊதா இதழ். அதில் ஒரு பூவை மட்டும் முதுகு காட்டித் திருப்பி வரைந்திருந்தார். முதுகுப்பக்கம் சுத்த வெள்ளை. அந்த வெள்ளைக்கு அவர் வண்ணமே தொடவில்லை. வெறும் காகிதத்தை அப்படியே விட்டு, ஓரத்தில் சாம்பல் நிழல் மட்டும் கொடுத்திருந்தார். நான் விரலை வைக்கப்போய்க் கையில் அடி வாங்கினேன். கீழே ஓர் இலை, பூச்சி அரித்தது.

“ஓட்டை விழுந்த இலையை எதுக்கு டீச்சர் வரைஞ்சீங்க? நல்ல இலை இல்லையா?”

“அதுல ஓட்டை இருந்துச்சுப்பா.”

வேலை நடந்த நாட்களில் சத்துவாச்சாரியில் இருக்கும் அவர் வீட்டுக்கு இரண்டு முறை போனேன். நம்ம ஊர் வெயில் உங்களுக்குத் தெரியும். அந்த அறையில் மின்விசிறி ஓடாது; ஓடினால் பூ ஆடும், வண்ணமும் நொடியில் காய்ந்து விளிம்பில் கறை கட்டும். அதனால் காலை 5 மணிக்கு உட்கார்ந்து 8 மணிக்கு எழுந்துவிடுவார். அப்புறம் நாள் முழுக்கப் பென்சில் வேலைதான். இரண்டு முள் உள்ள டிவைடரால் இதழின் நீளத்தை அளப்பார், காகிதத்தில் வைப்பார், மறுபடி அளப்பார். ஒரு பூவைப் பிளேடால் நீளவாக்கில் கீறி உள்ளே இருப்பதையும் வரைந்தார். ஆர்க்கிடில் ஆணுறுப்பும் பெண்ணுறுப்பும் ஒரே தண்டாகச் சேர்ந்திருக்குமாம். மகரந்தம் தூளாக இல்லாமல் குட்டி உருண்டைகளாக ஒட்டிக்கொண்டிருக்குமாம். ஊசி முனையால் தொட்டு எடுத்துக் காட்டினார். பாசிப்பருப்பில் பத்தில் ஒரு பங்கு இருக்கும், மஞ்சள் நிறம். ஊசியோடு அப்படியே வந்துவிட்டது. தேனீயின் தலையிலும் இப்படித்தான் ஒட்டும் என்றார்.

சரி, என் அவமானத்துக்கு வருகிறேன்.

சித்திரை பிறந்த வாரம் மூன்று நாள் கண்காட்சி. பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு சின்ன ஹால். படம் மாட்டுகிற வேலையும் என்னுடையதே. ஒரு படத்தில் அடர்த்தியான நீளப் பூங்கொத்து: வெள்ளைப் பூக்களில் இளஞ்சிவப்புப் புள்ளிகள், நூறு பூ இருக்கும். மற்ற படங்களில் கீழே பென்சிலால் பெயர் எழுதியிருந்தார். இதில் மட்டும் எழுதாமல் விட்டிருந்தார். கொத்து மேலே நிமிர்ந்து, இலைகள் கீழே இருக்கும்படி கண்ணாடி போட்டேன். பூ என்றால் மேலேதானே இருக்கும்?

முதல் நாள் காலை டீச்சர் இன்னும் வரவில்லை. உள்ளே ஏசி ஓடுகிறது, கட்டணம் கிடையாது. அதனால் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களின் துணையாட்கள் நாலைந்து பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். வேலூரில் இருப்பவர்களுக்குத் தெரியும், லாட்ஜ் தெருக்களில் தமிழை விட வங்காளப் பலகை அதிகம். அசாம், திரிபுரா என்று எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். அதில் ஓர் அம்மா, அசாம் பெண்கள் உடுத்துகிற மேகலா சாதர் கட்டியவர், கையில் ஸ்கேன் கவர். அந்தப் படத்தின் முன் நின்றார். கழுத்தை ஒரு பக்கம் சாய்த்தார். இன்னும் சாய்த்தார். அப்புறம் என்னைக் கூப்பிட்டு என்னவோ சொன்னார். “கொபௌ, கொபௌ” என்றார். எனக்குக் ‘கோபம்’ என்று காதில் விழுந்தது. எனக்குத் தெரிந்த கடைத்தெரு இந்தியில் “என்ன ஆச்சு?” என்றேன். அவர் பேசவில்லை. தன் கொண்டையைத் தொட்டு, அங்கிருந்து விரல்களைத் தோள்வரை அருவி மாதிரி இறக்கிக் காட்டினார். மறுபடி படத்தைக் காட்டிக் கையைக் கவிழ்த்தார்.

அப்போதுதான் உறைத்தது. அந்தப் பூ தொங்குகிற பூ.

டீச்சர் வந்ததும் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். சிரித்தார், அது இன்னும் மோசம். நரிவால் ஆர்க்கிட்டாம் அது. யேற்காட்டில் இந்தியத் தாவரவியல் கணக்கெடுப்பு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டத்தில் பார்த்து வரைந்தது. மரக்கிளையில் பிடித்திருக்கும், கொத்து நரி வால் மாதிரிக் கீழே தொங்கும். அசாமுக்கு அதுதான் மாநில மலர், அங்கே அதன் பெயர்தான் ‘கொபௌ’. பிஹு பண்டிகையில் ஆடுகிற பெண்கள் கொண்டையில் வைக்கிற பூ. நமக்குச் சித்திரை ஒன்று வருகிற அதே நாட்களில்தான் அவர்களுக்குப் பிஹு. அந்த அம்மாவின் வீட்டுக்காரருக்கு ஆபரேஷன் முடிந்து ஒன்பதாம் நாள்.

நான் ஸ்க்ரூடிரைவர் எடுத்துக் கொக்கியைக் கழற்றி மறுபுறம் மாட்டி முடிக்கும்வரை அவர் அங்கேயே நின்றார். டீச்சருக்கு அசாமி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு பேரும் அரைமணி நேரம் பேசினார்கள். என்ன பேசினார்களோ.

<b>குடியாத்தம் பக்கத்திலிருந்து ஓர் உறுப்பினர்:</b>

அண்ணே, நீங்கள் சொல்கிற டீச்சர் எங்கள் தோப்புக்கு வந்த அம்மாவாகத்தான் இருக்கவேண்டும். வாந்தாவை எங்கள் மாந்தோப்பில்தான் வரைந்தார்! என் மாமனார் அதைப் புல்லுருவி என்று சொல்லி அரிவாளோடு மரத்தில் ஏறியிருந்தார். தோப்புக்காரனுக்குப் புல்லுருவி ஜென்ம எதிரி. கிளையில் வேரை இறக்கிச் சாற்றை உறிஞ்சும், விட்டால் கிளை காயும். அந்த அம்மா கீழே நின்று “ஐயா, கொஞ்சம் பொறுங்க” என்று கத்தினார். வேரை இழுத்துப் பார்க்கச் சொன்னார். பட்டையின் மேலேதான் பிடித்திருந்தது, உள்ளே ஒரு நூல்கூட இறங்கவில்லை. மரத்தைத் திண்ணை மாதிரி வைத்துக்கொண்டு உட்காரும், சோறு கேட்காது என்றார்.

அப்புறம் ஒன்று செய்தார், அதைத்தான் எழுத வந்தேன். வேர் சாம்பல் நிறத்தில் காய்ந்த கயிறு மாதிரி இருந்தது. பாட்டிலிலிருந்து தண்ணீர் தெளித்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வேர் பச்சையாகிவிட்டது. வேரைச் சுற்றிப் பஞ்சு மாதிரி உறை இருக்கிறதாம். அது தண்ணீரைக் குடித்தவுடன் உள்ளே இருக்கிற பச்சை வெளியே தெரியுமாம். என் மாமனார் பாட்டிலை வாங்கி மற்ற வேருக்கும் தெளித்தார். இப்போது வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் தெளித்துக் காட்டுகிறார். தலைவலி.

இன்னொன்று: காட்டிலிருந்து ஒரு செடி எடுக்கமாட்டார். ஜவ்வாது மலையில் காற்றில் முறிந்து விழுந்த கிளையைக்கூட அங்கேயே உட்கார்ந்துதான் வரைவேன் என்றார்.

<b>ஆற்காட்டிலிருந்து, ஓய்வு பெற்ற தாவரவியல் ஆசிரியர்:</b>

மாமனார் மேல் தப்பில்லை. ‘வாந்தா’ என்பதே வடமொழியில் மரத்தில் ஒட்டி வளர்கிற செடிக்குச் சொன்ன பெயர். கல்கத்தாவில் நீதிபதியாக இருந்த வில்லியம் ஜோன்ஸ் அதையே இந்த ஆர்க்கிடுக்குப் பெயராக எடுத்து வைத்தார். அதே பூவைத் தாவரவியலாளர் ராக்ஸ்பர்க் 1795-இல் வெளிவந்த தன் கோரமண்டல் தாவர நூலில் படத்தோடு பதிவு செய்தார். இன்றைய பெயரில் இருக்கும் ‘டெசலேட்டா’ அங்கிருந்து வந்ததுதான்; கட்டம் கட்டமாக என்று பொருள். உங்கள் டீச்சர் வரைந்த அந்தப் பழுப்பு வலைதான் அது.

இந்த வேலையில் நம் தென்னாட்டு ஓவியர்களை மறக்கக்கூடாது. சென்னை மாகாணத்தில் இருந்த ராபர்ட் வைட் என்ற மருத்துவர் 1838 முதல் 1853 வரை 2,101 தாவரப் படங்களை வெளியிட்டார். அவருக்காக வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இருவர். கோவிந்துவின் பெயரில் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே ‘கோவிந்தூயியா’ என்று வைட் பெயர் சூட்டினார். பிற்பாடு அது ட்ரோபிடியா என்ற பேரினத்துக்குள் சேர்ந்துவிட்டது, பெயர் வழக்கில் இல்லை. இருந்தாலும், சம்பளத்துக்கு வரைந்த ஓவியர் பெயரைப் பூவுக்கு வைத்தது எத்தனை முறை நடந்திருக்கும்?

கண்காட்சிக்கு நானும் போனேன். என் கண்ணுக்குப் பிடித்தது வாந்தாவின் பூக்காம்பு. மொட்டில் அந்த ஊதா உதடு மேல்பக்கம் இருக்கும். விரியும்போது காம்பே முறுக்கிக்கொண்டு பூவை அரைவட்டம் திருப்பும், அப்போதுதான் உதடு கீழே வந்து பூச்சி உட்காரத் தோதாகும். அந்த முறுக்கு வரியை அவர் விடாமல் போட்டிருந்தார். போட்டோவில் இது தெரியாது. முப்பது வருடம் கரும்பலகையில் வரைந்தேன், ஒரு தடவைகூட நான் போட்டதில்லை.

<b>காட்பாடியிலிருந்து ஓர் உறுப்பினர்:</b>

என் பெண் அவரிடம் ஆறு மாதம் கற்றுக்கொண்டாள். முதல் மாதம் முழுக்க ஒரே ஓர் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய். முள்ளை எண்ணி வரையச் சொல்வாராம். பெண் அழுதாள். படத்துக்குப் பத்தாயிரம் என்றதும் நானும் அழுதேன். ஒரு படத்துக்கு மூன்று வாரம் ஆகிறது என்று கணக்குப் போட்டால் கூலி வேலையை விடக் குறைவுதான், அது வேறு விஷயம். வாங்கினால் நேர்வெயில் படுகிற சுவரில் மாட்டாதீர்கள், சில சிவப்பும் ரோஸும் வெளுத்துவிடும். இது அவரே சொன்னது.

<b>மறுபடி நான், ஃபிரேம் கடை:</b>

அந்த நரிவால் படம் விற்றதா என்று இரண்டு பேர் தனியாகக் கேட்டிருந்தீர்கள். விற்றது. அந்த அசாம் அம்மா விலையைக் கேட்டார், தலையாட்டினார், போனில் படம் பிடித்துக்கொண்டு போனார். டீச்சர் அதற்கடுத்த நாள் ஒரு பூவை மட்டும் தபால் அட்டை அளவில் வரைந்து எடுத்துக்கொண்டு லாட்ஜ் தேடிப் போனார். அதற்குள் அவர்கள் அறையைக் காலி செய்திருந்தார்கள். அந்த அட்டை என் கடையில் கல்லாவுக்கு மேலே இருக்கிறது, மவுண்ட், கீல், கோதுமைப் பசை எல்லாம் முறைப்படி.

பெரிய படத்தை வாங்கினவர் ஒரு பல் டாக்டர். போன மாதம் கடைவாய்ப் பல் பிடுங்க அங்கே போயிருந்தேன். வரவேற்பறையில் மாட்டியிருக்கிறது. கொத்து நிமிர்ந்து நிற்கிறது, இலை கீழே.

“மேடம், இது...” என்றேன்.

“ஆமா சார், பூ கவுந்து இருந்துச்சு. ஃபிரேம் போட்டவன் தப்பா மாட்டிட்டான் போல. ஆசாரிய வச்சு கொக்கிய மாத்திட்டோம்” என்றது வரவேற்பில் இருந்த பெண்.

சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் உள்ளே கூப்பிட்டு ஊசி போட்டுவிட்டார்கள். வெளியே வரும்போது வாயில் பஞ்சு. அடுத்த செவ்வாய் தையல் பிரிக்கப் போகவேண்டும், ஸ்க்ரூடிரைவரை எடுத்துப் பையில் வைத்திருக்கிறேன்.