ஒரு தாய் திண்ணையில் கேட்ட கேள்வி

மேலூர் வட்டத்துக் கிராமம் ஒன்றில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். ஐந்து வகுப்புகளுக்கும் தலைமையாசிரியரும் நானும் மட்டுமே. கல்வி உரிமைச் சட்டப்படி, தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள்தான். எங்களிடம் அப்போது 19 பேர் படித்தார்கள்.

2023 மே மாதம் சேர்க்கைக்காக வீடு வீடாகப் போனபோது, திண்ணையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ஒரு தாய், "ரெண்டு பேரு அஞ்சு வகுப்பையும் எப்படி டீச்சர் பாப்பீங்க?" என்று கேட்டார். அவருடைய மகன், அதே சட்டம் ஏழைப் பிள்ளைகளுக்குத் தரும் 25 சதவீத இலவச ஒதுக்கீட்டில் தனியார் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தான். பெற்றோர் ஆங்கில மோகத்தில் போகிறார்கள் என்று ஆசிரியர்களாகிய நாங்கள் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அவர் கேட்டதோ நியாயமான கேள்வி, என்னிடம் பதில் இல்லை.

ஜூன் மாதம் வேன் கட்டணம் கட்ட முடியாமல் அவரே மகனை மூன்றாம் வகுப்பில் கொண்டுவந்து சேர்த்தார். 'கொ' என்ற எழுத்தைக் கொம்பு, க, கால் என்று விரல் வைத்துத் தனித்தனியாகப் பார்ப்பானே தவிர, சேர்த்து ஒலிக்க அவனுக்கு வரவில்லை. தொடக்க வகுப்புகளில் அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் கற்பிக்கும் அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று வகுப்பைப் பாராமல் நிலை பார்த்துக் கற்பிப்பதால், கூச்சமின்றி அவனை முதல் நிலையான அரும்பில் உட்காரவைக்க முடிந்தது. தை மாதம் வீட்டுக்கு வந்த கல்யாணப் பத்திரிகையை, எழுதப் படிக்கத் தெரியாத தன் அப்பத்தாவுக்கு முகூர்த்த நேரம் வரை அவன் வாசித்துக் காட்டியிருக்கிறான். அப்பத்தா அதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்.

2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் மறு ஆண்டு ஆகஸ்டில் எங்கள் பள்ளிக்கும் வந்தது. சேர்ந்த பிள்ளைகள் தவறாமல் வர அது பெரிதும் உதவியது. ஆனால் அடுத்த ஜூனில் அந்தத் தெருவிலிருந்து மூன்று பிள்ளைகள் புதிதாகச் சேர்ந்ததற்கு, நான் அறிந்தவரை, அந்தப் பத்திரிகைதான் காரணம்.

அப்படியும் நாங்கள் இருவர்தான். மூன்றாவது ஆசிரியர் வேண்டுமென்றால் 61 பிள்ளைகள் வேண்டும். ஆசிரியர் போதாது என்பதாலேயே பெற்றோர் தயங்கும் ஊரில் அந்த எண்ணிக்கை எப்படி வரும்? தலைக்கணக்கை விட்டு வகுப்புக் கணக்கில் ஆசிரியரைத் தாருங்கள் என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் எழுதியபோது, பெற்றோர் வரிசையில் முதல் கையெழுத்தைப் போட்டவர் அந்தத் தாய்.