வருவதாகச் சொன்னவர்கள்: தில்லி நண்பர்களின் அனுபவங்கள்

மயூர் விஹாரிலிருந்து:

தில்லியில் மழை ஓய்ந்தபின் தீபாவளி தாண்டும் வரை டெங்குக் காலம். அப்படி ஓர் அக்டோபரில் என் மைத்துனன் படுத்தான். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) பத்தாயிரத்துக்கும் கீழே இறங்கி, ஈறில் ரத்தம் கசியத் தொடங்கியது. ஒரே கொடையாளரிடமிருந்து எடுத்த தட்டணு வேண்டும் என்றார் மருத்துவர்.

சாதாரண ரத்ததானம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். இது வேறு. கொடையாளரின் ரத்தம் இயந்திரத்துக்குள் போய், தட்டணு மட்டும் பிரிந்து, மீதி அவர் உடம்புக்கே திரும்பும். ஒன்றரை மணி நேரம் வரைகூட கையை அசைக்காமல் படுத்திருக்க வேண்டும். அதற்கு முன் நரம்பு பார்ப்பார்கள். அவருடைய தட்டணு ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு மஞ்சள் காமாலை, எச்.ஐ.வி. போன்ற தொற்றுப் பரிசோதனைகள். முடிவு வர மணிக்கணக்கில் ஆகும்.

"அண்ணே, காலை ஏழு மணிக்கு அங்கே நிற்பேன். நீங்கள் போய்த் தூங்குங்கள்" என்றான் அலுவலகத்து நண்பன், திருச்சிக்காரன். அந்தச் சொல்லை நம்பி, வருவதாக இருந்த இன்னொருவரை வேண்டாம் என்றுவிட்டோம். அவர் இரவு ரயிலில் ஊருக்குப் போய்விட்டார். மணி ஏழு எட்டாகி, ஒன்பதும் ஆனது. அவன் கைபேசி அடித்து அடித்து ஓய்ந்தது. ஒருவன் வராவிட்டால் இன்னொருவன் என்று சுலபமாகச் சொல்லலாம். யாரைப் பிடித்தாலும் பரிசோதனை முதலிலிருந்துதான் தொடங்கும். எங்களுக்குப் போனது அரை நாள், அந்த நிலைமையில்.

கைகொடுத்தவன், முந்தின நாளே "என்னால் முடியாது" என்று சொன்னவன். பச்சை குத்தி எட்டு மாதம்தான் ஆகிறது, ஓராண்டு ஆகாமல் எடுக்கமாட்டார்கள் என்று காரணத்தையும் சொன்னான். விஷயம் கேள்விப்பட்டதும் முனீர்க்காவில் தன் அறையில் தங்கியிருந்த ஒடியா இளைஞனை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தான். மைத்துனன் பிழைத்தான்.

திருச்சி நண்பன் மாலையில் கூப்பிட்டான். அலாரம் அடிக்கவில்லையாம். ஊசியைக் கண்டாலே அவனுக்கு மயக்கம் வரும் என்பது பிற்பாடு அவன் மனைவி சொல்லித்தான் தெரிந்தது. அதை அன்றிரவே சொல்லியிருந்தால் கொஞ்சம் கேலி செய்துவிட்டு வேறு ஆள் பார்த்திருப்பேன். இன்றும் பேசிக்கொள்கிறோம்: கிரிக்கெட், பொங்கலுக்கு ஊர்போக டிக்கெட். அவசரம் என்றால் அவன் எண்ணை நான் தேடுவதில்லை.

ஆர்.கே.புரத்திலிருந்து:

ஊசிக்குப் பயந்த அந்தத் திருச்சி நண்பரை இவ்வளவு காய வேண்டுமா என்று தோன்றியது. ஆனால் பயத்தை மறைக்க ஏழு மணி என்று நேரம் குறித்துக் கொடுத்ததுதான் எனக்கும் பொறுக்கவில்லை.

என் கதை சின்னது. ஒரு ஜனவரியில் அலுவல் நிமித்தம் குவாஹாட்டிக்குப் போகவேண்டி வந்தது. கணவருக்குச் சென்னையில் வேலை. மாமியாரால் படி இறங்க முடியாது. மகளைப் பள்ளியில் கொண்டுவிடும் வேலையை ஜனக்புரியில் இருக்கும் தோழி ஏற்றுக்கொண்டாள். மலை மந்திர் கோபுரமே மறைந்துபோகும் பனியில், தினமும் மெட்ரோ பிடித்து வந்தாள். ஒரு நாள் குளிருக்காகப் பள்ளிக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். அவளுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. குரங்குக் குல்லாயோடு வந்து நின்றவள், "வந்தது வந்தாயிற்று" என்று என் மாமியாரோடு உட்கார்ந்து தோசை சாப்பிட்டுவிட்டுப் போனாளாம். திரும்பி வந்து நன்றி சொன்னேன். "சட்னியில் உப்பே இல்லை" என்றாள்.

துவாரகாவிலிருந்து:

எங்கள் நண்பர்கள் வட்டத்தில் யாருக்காவது தட்டணு தேவைப்பட்டால், "வருகிறேன்" என்பதை அப்படியே எழுதிக்கொள்வதில்லை. எடை ஐம்பது கிலோ இருக்கிறதா, மூன்று நாளுக்குள் ஆஸ்பிரின் போட்டீர்களா, கடைசியாக எப்போது ரத்தம் கொடுத்தீர்கள், எல்லாம் கேட்போம். இனி ஊசிப் பயத்தையும் சேர்த்துக் கேட்கலாம் போலிருக்கிறது. இருவரைப் பரிசோதனைக்கு அனுப்புவோம். ஒருவர் தேவைப்படாமல் திரும்பினால் அவருக்கு டீயும் சமோசாவும் உண்டு. நட்புக்குள் என்ன போலீஸ் விசாரணை என்று ஒருவர் கோபித்துக்கொண்டார். சென்ற முறை சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தவர் அவர்தான்.