டிராலிக்கும் லாரிக்கும் தமிழ்: தள்ளுவண்டியா, எடுவண்டியா?

குன்னூரிலிருந்து:

தம்பி, வணக்கம். பாடப்புத்தகத்துக்காக நீங்கள் அனுப்பிய ரயில்வே கலைச்சொல் பட்டியலைப் பார்த்தேன். தண்டவாளத்தைப் பார்வையிடப் போகிறவர் உட்கார, ஆட்கள் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு ஓடும் பலகை வண்டியான ‘டிராலி’க்கு எதிரே ‘தள்ளுவண்டி’ என்றும், அதற்குக் கீழே மாற்றுச் சொல்லாக ‘தண்டவாள ஆய்வூர்தி’ என்றும் போட்டிருக்கிறீர்கள். இரண்டுமே எனக்கு ஒட்டவில்லை. பல வருடம் அந்தப் பலகையில் உட்கார்ந்து போனவன், அதன் பின்னால் ஓடியவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

தள்ளுவண்டி என்றால் ஊட்டி சேரிங் கிராஸில் வேகவைத்த சோளம் விற்கிற வண்டிதான் முதலில் நினைவுக்கு வரும். அது போகட்டும், ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பது தமிழுக்குப் புதிதில்லை. என் குறை வேறு. மலையில் டிராலியைப் பாதி தூரம் யாரும் தள்ளுவதே இல்லை. குன்னூரில் ஏறினால் ஊட்டிக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கும் லவ்டேல் வரைக்கும் மூச்சு வாங்கத் தள்ளுவார்கள். திரும்பி வரும்போது லவ்டேல் மேடு தாண்டியதும் வண்டி தானாகவே ஓட ஆரம்பிக்கும். அதற்கப்புறம் தள்ளுகிற ஆளுக்கு வேலை இல்லை, பிரேக் பிடிக்கிற ஆளுக்குத்தான் வேலை. கேத்தி வருவதற்குள் பிரேக் கட்டை தேய்ந்து கருகுகிற வாசம் மூக்கில் ஏறும். ஈரமான காலையில் தண்டவாளம் எண்ணெய் தடவினதுபோல் வழுக்கும், கட்டை பிடித்தாலும் வண்டி நிற்காது. சமவெளியில் இருப்பவர்களுக்குத் தள்ளுவண்டி சரியாகப் படலாம். எங்களுக்கு அது பிடிவண்டி.

‘ஆய்வூர்தி’ தாளில் அழகாக இருக்கிறது. ஆனால் அதிகாரிகள் உட்கார்ந்து வர, ரயிலோடு மாட்டிக்கொண்டு வரும் ஆய்வுப் பெட்டி ஒன்று தனியாக இருக்கிறதே, அதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்? டிராலியை எந்த ரயிலோடும் மாட்டவே கூடாது என்று விதி. இரண்டுக்கும் ஒரே பெயர் என்றால் குழப்பம்தான் மிஞ்சும்.

ரயில்வே பொது விதியில் டிராலிக்குக் கொடுத்திருக்கிற விளக்கத்தைப் பாருங்கள். நாலு ஆள் சேர்ந்து அப்படியே தூக்கித் தடத்தை விட்டு எடுக்க முடிந்தால் அது டிராலி. அதே மாதிரி வண்டிதான், ஆனால் அதைவிடக் கனம் என்றால் அது லாரி. தள்ளுவதைப் பற்றியோ ஆய்வைப் பற்றியோ அந்த வரியில் பேச்சே இல்லை. தூக்க முடியுமா என்ற ஒன்றுதான் கேள்வி. ரயில் வருகிறது என்றால் டிராலிக்காரனுக்குத் தப்பிக்க இருக்கிற வழியும் அதுதான். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை 208 வளைவு, 16 குகை. எதிரே வருவது கண்ணுக்குத் தெரியும் முன்பே கொடியோடு ஆள் முன்னாலும் பின்னாலும் ஓடியிருக்க வேண்டும், நாலு பேரும் கை வைத்து வண்டியை ஓரம் எடுத்திருக்க வேண்டும். எடுத்து வைத்துவிட்டுப் போகவும் முடியாது, சக்கரத்தில் சங்கிலி போட்டுப் பூட்ட வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தடத்தில் மின்சுற்று வைத்து சிக்னல் இயங்குகிற இடங்களில், டிராலியின் இரண்டு பக்கச் சக்கரமும் மின்சாரத்தால் இணையாதபடி மின்காப்பு வைத்திருப்பார்கள். ஆக, அப்படி ஒரு வண்டி தடத்தில் நிற்பது சிக்னலுக்குத் தெரியவே தெரியாது. அந்த நாலு பேரின் கண்ணும் கையும்தான் காவல்.

அதனால் என் சொல் ‘எடுவண்டி’. எடுத்த, எடுக்கிற, எடுக்கும் வண்டி. வினைத்தொகை, தள்ளுவண்டி போலவேதான். ‘தூக்குவண்டி’ என்றும் யோசித்துப் பார்த்தேன். தூக்குவாளி, தூக்குமேடை எல்லாம் கூட வருகிறது. போதாததற்கு, எதையோ தூக்குகிற கிரேன் என்றும் ஆள் நினைத்துக்கொள்ளும். ‘தடமிறங்கி’ என்று என் மகள் சொன்னாள், கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ரயில்வேயில் இருப்பவன் காதில் அது தடம் புரண்டது என்றே விழும்.

கோவையிலிருந்து, மறுமொழி:

ஐயா, வணக்கம். எடுவண்டி எனக்குப் பிடித்திருக்கிறது. மாணவர்களிடம் சொல்லிப் பார்த்தேன், விளக்கம் கேட்டதும் ஒப்புக்கொண்டார்கள். அப்படியானால் லாரிக்கு ‘எடாவண்டி’ என்று வைத்துவிடலாமா? எடுக்க முடியாதது. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், இலக்கணமும் தவறாது, ஜோடியாகவும் இருக்கும்.

ஒரு கேள்வியும் உண்டு. டிராலி என்ற சொல் எல்லோருக்கும் பழகிவிட்டது. இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று குழுவில் இரண்டு பேர் கேட்கிறார்கள். இன்னும் நேர்மையாகப் ‘புகைவண்டி’ என்று சொல்லக்கூடிய ஊர்களில் உங்கள் ஊரும் ஒன்று (மேட்டுப்பாளையம் முதல் குன்னூர் வரையாவது, அதற்கு மேலே டீசல்). நீங்களே சொல்லுங்கள்.

குன்னூரிலிருந்து, மறுமொழி:

தம்பி, எடாவண்டி வேண்டவே வேண்டாம். எழுத்தில் ஜோடிப் பொருத்தம் பிரமாதம். மூடுபனியில் நூறு அடி தள்ளி நிற்கிறவனிடம் கத்திப் பாருங்கள். எடுவா, எடாவா? ஒரு உயிரெழுத்தில் ஆள் காலி. தடத்தில் கூவுகிற சொற்கள் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் இருக்க வேண்டும்.

டிராலி பழகிவிட்டது என்பது உண்மைதான். தண்டவாளம் பராமரிக்கும் ஆட்கள் குழுவான கேங்கில் அதை டிராலி என்றே கூப்பிடட்டும், யாருக்கும் சேதமில்லை. பாடப்புத்தகத்தில் எடுவண்டி இருந்தால் போதும். நான் பிடிவாதமாக இருப்பது லாரி விஷயத்தில். அதற்குக் காரணம் ஒன்று இருக்கிறது.

அரவங்காட்டுப் பக்கம், ரோடும் தண்டவாளமும் ஒட்டிப் போகிற ஓர் இடத்தில் ஜல்லி வேலை. ஒப்பந்தக்காரர் புதுப் பையன்களை இறக்கியிருந்தார். ஒரு வார்த்தை சொல்லிக் கொடுக்காமல் கையில் கடப்பாரையைக் கொடுத்துவிட்டார். மேட்டிலிருந்து தண்டவாளத் துண்டு ஏற்றின லாரியை ஆட்கள் பிடித்து இறக்கிக்கொண்டு வந்தார்கள். மேஸ்திரி, “லாரி வருது, ஒதுங்கு!” என்று கத்தினார். பையன் ரோட்டைப் பார்த்தான். ரோட்டு லாரிக்கு ஒதுங்குவதாக நினைத்துப் பின்னால் நகர்ந்து நேராகத் தடத்துக்குள் வந்து நின்றான். பக்கத்திலிருந்த கீமேன் (தடத்தை நடந்து சரிபார்க்கிறவர்) சட்டையைப் பிடித்து இழுத்தார். கடப்பாரை மட்டும் சக்கரத்தில் சிக்கி வளைந்தது. அந்தப் பையன் மேல் என்ன தப்பு? அவனுக்குத் தெரிந்த லாரி தாரில் ஓடுவது.

கனமான வண்டி சரிவில் கை நழுவினால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்திலிருந்து ஒரு சங்கதி. 2004 பிப்ரவரி 15 அதிகாலை, கும்பிரியாவில் டீபே என்ற ஊர். தண்டவாளம் ஏற்றிய ஒரு டிரெய்லர், மேலே நின்ற இடத்திலிருந்து உருண்டு ஐந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக ஓடி வந்து, கீழே வேலை செய்துகொண்டிருந்த நாலு பேரைக் கொன்றது. அதன் பிரேக்கை வேண்டுமென்றே கழற்றிவிட்டு, சக்கரத்துக்கு அடியில் மரக்கட்டை வைத்துச் சமாளித்திருக்கிறார்கள். அங்கே சரிவு 75க்கு 1, அதாவது 75 அடி போனால் 1 அடி இறக்கம். நம் கல்லார்–குன்னூர் பல்சட்டப் பகுதியில் (எஞ்சின் பற்சக்கரத்தால் பிடித்து ஏற, தடத்தின் நடுவே பல்வைத்த சட்டம் போட்ட இடம்) 12க்கு 1. அதாவது ஆறு மடங்கு செங்குத்து.

லாரிக்கு ‘பாரவண்டி’ என்கிறேன். மாட்டுக்கும் சேர்த்து வழங்கிய பழைய சொல்தான், யாருக்கும் விளக்க வேண்டாம். கனம் என்று பெயரிலேயே இருக்கிறது. எடுக்க முடியாது, அதனால் வருகிற ரயிலை எச்சரித்து நிறுத்தக் காப்பு போட்டால்தான் தடத்தில் வைக்கலாம் என்பதை அதோடு சேர்த்துச் சொல்லிக் கொடுத்துவிடலாம். பிராட்கேஜில் (அகலப் பாதையில்) அந்தக் காப்பு எவ்வளவு தூரம் போகிறது பாருங்கள்: வண்டியிலிருந்து 600 மீட்டரில் குறுக்கே சிவப்புப் பதாகை, 1200 மீட்டரில் பத்து பத்து மீட்டர் விட்டு, ரயில் சக்கரம் ஏறினால் வெடிக்கும் மூன்று பட்டாசு. (பட்டியலில் இருக்கிற ‘ஒலிவெடிப்பான்’ என்பதையும் அடித்துவிடுங்கள். பட்டாசு என்றே இருக்கட்டும், அதைவிட நல்ல சொல் கிடைக்காது.)

‘தடமறிப்பு’ பற்றிக் கேட்டிருந்தீர்கள். பிளாக் வாங்குவது, அதாவது வேலை முடியும்வரை தடத்தில் ரயில் விடாமல் வைக்க அனுமதி வாங்குவது என்பதற்கு அது வேண்டாம். ரயில் மறியலுக்கு ஆள் கூப்பிடுவதுபோல் இருக்கிறது. ‘தட அடைப்பு’ சரி.

திங்கட்கிழமை வெலிங்டன் பக்கம் எங்கள் பழைய கேங் வேலை செய்கிறது. பனி இறங்கினதும் மேஸ்திரியை விட்டுப் ‘பாரவண்டி’ என்று இரண்டு தடவை கூவச் சொல்கிறேன். எந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று எழுதுகிறேன்.