சிக்னலில் ஆஃப் ஆகும் வண்டி: காயில் மாற்றலாமா?

சேலம்_பெட்ரோல்
2014 மாடல் பெட்ரோல் ஹாட்ச்பேக், 1.2 லிட்டர், நாலு சிலிண்டர், 80,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டது. சிக்னலில் நின்றால் ஸ்டியரிங் வரைக்கும் நடுக்கம் தெரிகிறது. ஏசி போட்டிருந்தால் ஆர்பிஎம் 500-க்குக் கீழே போய் ஆஃப் ஆகிவிடுகிறது. ஆனால் பைபாஸில் ஒரு குறையும் இல்லை, நன்றாகவே இழுக்கிறது. செக் இன்ஜின் விளக்கு எரிகிறது. ஒர்க்ஷாப்பில் பிளக் நாலும் மாற்றி காற்றை உள்ளே விடுகிற த்ராட்டில் பாடியைக் கழுவிக் கொடுத்தார்கள், பலன் இல்லை. இப்போது பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கிற காயில் நாலும் மாற்ற வேண்டும், அதிலும் சரியாகவில்லை என்றால் பெட்ரோல் தெளிக்கிற இன்ஜெக்டர் என்கிறார்கள். மாற்றச் சொல்லிவிடலாமா?

கலப்படம்_வேண்டாம்
காயிலும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். 2025-ல் எல்லா பெட்ரோல் பங்க்கிலும் இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) வந்தது, அதிலிருந்து பழைய வண்டி எல்லாம் இப்படித்தான் கிடக்கிறது. 2023 ஏப்ரலுக்கு முன் வந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றை இ20-க்கு என்று செய்யவில்லை. டேங்கைக் காலி செய்து எத்தனால் இல்லாத பிரீமியம் பெட்ரோல் கிடைத்தால் ஊற்றிப் பாருங்கள்.

ஓபிடி_பைத்தியம்
எதற்கெடுத்தாலும் இ20-ஆ? அவர் எழுதியதை ஒழுங்காகப் படியுங்கள். நின்றால் நடுக்கம், ஓடினால் சுத்தம். பெட்ரோல் கெட்டிருந்தால் பைபாஸில் இழுவை மட்டும் எப்படி நன்றாக இருக்கும்?

சேலம், விளக்கு எரிகிறது என்கிறீர்கள், என்ன எரர் கோட் என்று யாருமே சொல்லவில்லையா? அதைப் படிக்கிற ப்ளூடூத் ரீடர் ஒன்று வாங்குங்கள், ஒரு காயில் விலைகூட ஆகாது. கோடோடு நிறுத்திவிடாமல் ஃப்யூயல் ட்ரிம், அதாவது கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டியோ குறைத்தோ கொடுக்கிறது என்ற கணக்கையும் பாருங்கள். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஐடிலிங்கில் ஒரு முறை, 2500 ஆர்பிஎம்மில் பிடித்துக்கொண்டு ஒரு முறை, இரண்டையும் இங்கே போடுங்கள்.

பட்டறை_மாமா
தம்பி, ரீடர் வாங்கியவன் எல்லாம் மெக்கானிக் ஆகிவிட்டான், அதுதான் இன்றைய கஷ்டம். பி0171 என்று வந்தால் ஆக்சிஜன் சென்சாரை மாற்றிக்கொண்டு வந்து நிற்கிறான். சென்சார் என்ன தப்பு செய்தது, காற்று அதிகம் பெட்ரோல் கம்மி என்று உண்மையைத்தானே சொன்னது?

சேலம் தம்பி, வண்டியை ஐடிலிங்கில் விட்டுவிட்டு இன்ஜெக்டர் கனெக்டரை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுங்கள். கழற்றும்போது ஆர்பிஎம் இறங்கினால் அந்த சிலிண்டர் வேலை செய்கிறது, இறங்காவிட்டால் அதில்தான் மிஸ்ஸிங். நாலும் ஒரே மாதிரி இறங்கினால் காயில் பேச்சையே விட்டுவிடலாம், நாலு காயிலும் ஒரே நேரத்தில் ஒரே அளவு பலவீனமாகாது. ஸ்பார்க் போகும் வயரை மட்டும் ஓடும்போது பிடுங்காதீர்கள், ஷாக் அடிக்கும், காயிலும் போய்விடும்.

ஓபிடி_பைத்தியம்
மாமா, பல வண்டிகளில் எந்த சிலிண்டரில் எத்தனை மிஸ்ஃபயர் என்று ரீடரே எண்ணிக் காட்டும். கனெக்டரைக் கழற்றினால் புதிதாக இன்னொரு கோடும் சேர்ந்துகொள்ளும், பிளாஸ்டிக் பூட்டு உடைந்தால் அது தனிச் செலவு.

பட்டறை_மாமா
பூட்டை உடைக்கிறவன் கையில் ஸ்பானரே கொடுக்கக் கூடாது.

சேலம்_பெட்ரோல்
நண்பர் ஒருவரிடம் ரீடர் இருந்தது. கோட் பி0171 மட்டும்தான். லாங் டெர்ம் ட்ரிம் ஐடிலிங்கில் +19 சதவீதம், 2500-ல் +5. மாமா சொன்னபடி கனெக்டரும் கழற்றிப் பார்த்தேன், நாலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இறங்குகிறது. பூட்டு உடையவில்லை.

கலப்படம்_வேண்டாம்
பார்த்தீர்களா, லீன், அதாவது காற்று அதிகம் பெட்ரோல் கம்மி. எத்தனாலில் ஆக்சிஜன் இருக்கிறது, அதனால்தான் லீன் காட்டுகிறது. இதைத்தானே முதலிலேயே சொன்னேன்.

ஓபிடி_பைத்தியம்
கணக்கைப் பாருங்கள். சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 போதும். பத்து சதவீதம் எத்தனால் உள்ள இ10-க்கு சுமார் 14.1, இ20-க்கு சுமார் 13.5. ஆக இ10-லிருந்து இ20-க்கு வரும்போது கம்ப்யூட்டர் நாலைந்து சதவீதம் பெட்ரோல் கூட்ட வேண்டும். அந்த நாலைந்து ஐடிலிங்கிலும் இருக்கும், 2500-லும் இருக்கும், எரிபொருளுக்கு ஆர்பிஎம் தெரியாது. இவருக்கு 2500-ல் இருக்கும் +5 வேண்டுமானால் உங்கள் எத்தனால் கணக்கில் போகட்டும். ஐடிலிங்கில் கூடுதலாக ஒரு 14 இருக்கிறதே, அது எங்கிருந்து வந்தது?

ஏர் லீக். விரிசல் வழியாக நுழைகிற காற்று ஐடிலிங்கில் மொத்தக் காற்றில் பெரிய பங்கு, ரேஸ் கொடுத்தால் த்ராட்டில் வழியாக வெள்ளமாக வருகிற காற்றில் அது காணாமல் போய்விடும். ஃப்யூயல் பம்ப்போ ஃபில்டரோ பலவீனம் என்றால் இதற்கு நேர் எதிராக இருக்கும், ஐடிலிங்கில் சரியாக இருந்து லோடு ஏற ஏற ட்ரிம் ஏறும்.

ஓரமா_நிக்கிறவன்
ஒரு நிமிடம். இது உள்ளே வரும் காற்றின் அளவை நேராக அளக்கிற மாஃப் சென்சார் வண்டிக்குத்தான் பொருந்தும். மேனிஃபோல்டு (த்ராட்டிலிலிருந்து சிலிண்டருக்குக் காற்று போகிற குழாய்) அழுத்தத்தை அளக்கிற மேப் சென்சார் மட்டும் உள்ள வண்டியில் லீக் வந்தால் அந்த அழுத்தம் ஏறும், கம்ப்யூட்டர் அதைப் பார்த்து பெட்ரோலும் சேர்த்துக் கொடுத்துவிடும், ட்ரிம் பெரிதாக மாறாது, ஐடிலிங்தான் ஏறி நிற்கும். இங்கே சின்ன வண்டிகளில் நிறைய மேப் வகைதான். எந்த வகை என்று தெரியாமல் +19-ஐ வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

ஓபிடி_பைத்தியம்
நியாயமான கேள்வி. சேலம், ஏர் ஃபில்டர் பெட்டியை அடுத்து, த்ராட்டிலுக்குப் போகிற குழாயில் வயர் செருகிய சென்சார் இருக்கிறதா? ரீடரில் காற்றளவு கிராம்/விநாடி என்று வருகிறதா?

சேலம்_பெட்ரோல்
இருக்கிறது. கிராம் கணக்கும் வருகிறது. அப்போது மாஃப்தானே? லீக்கை எப்படிக் கண்டுபிடிப்பது? கார்ப் கிளீனர் அடித்துப் பார்க்கச் சொல்லி வீடியோ பார்த்தேன்.

பட்டறை_மாமா
சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் கார்ப் கிளீனர் அடித்து வண்டியையே கொளுத்தினவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். ஹோஸை ஒவ்வொன்றாகத் துணி சுற்றிக் கொறடால் மெதுவாகக் கவ்விப் பிடியுங்கள், எதைக் கவ்வும்போது நடுக்கம் குறைகிறதோ அந்த வழியில் ஓட்டை. பிரேக் பூஸ்டர் ஹோஸ், அப்புறம் இன்ஜின் அடியில் சேருகிற ஆவியை மறுபடி உள்ளே இழுக்கிற பிசிவி ஹோஸ். பிசிவி ஹோஸ் வளைவில் அடிப்பக்கம்தான் வெடிக்கும், மேலிருந்து பார்த்தால் தெரியாது, விரலால் தடவிப் பாருங்கள். ஹோஸ் எல்லாம் நன்றாக இருந்தால் மேனிஃபோல்டு கேஸ்கெட், அதற்குப் புகை விட்டுப் பார்க்கிற மெஷின் உள்ள பட்டறைக்குப் போங்கள்.

சேலம்_பெட்ரோல்
பிரேக் பூஸ்டரில் மாற்றம் இல்லை. பிசிவி ஹோஸைக் கவ்வியதும் ஆர்பிஎம் நிலைக்கு வந்துவிட்டது. கழற்றிப் பார்த்தால் வளைவின் அடியில் நீளமாக வெடிப்பு, ரப்பர் கல் மாதிரி இருக்கிறது. புது ஹோஸ் போட்டு ஏசியோடு ட்ராஃபிக்கில் ஓட்டினேன், ஆஃப் ஆகவில்லை. ட்ரிம் இன்று ஐடிலிங்கில் +7, 2500-ல் +5.

கலப்படம்_வேண்டாம்
ரப்பரைக் கல்லாக்கியது எது? எத்தனால்தான். சுற்றிச் சுற்றி அங்கேதான் வருகிறீர்கள்.

பட்டறை_மாமா
அந்த ஹோஸில் ஓடுவது கிராங்க்கேஸ் ஆவி, ஆயில் புகை. இன்ஜின் சூட்டில் இத்தனை வருடம் கிடந்த ரப்பர் எத்தனால் இல்லாமலே வெடிக்கும், இ20 பேச்சே இல்லாத காலத்தில் நான் கூடை கூடையாக மாற்றியிருக்கிறேன்.

ஓரமா_நிக்கிறவன்
பிஸ்டன் ரிங் தாண்டி இறங்குகிற ஆவியில் எரியாத எரிபொருளும் கொஞ்சம் இருக்கும் மாமா. அதனால்தான் வெடித்தது என்று சொல்ல வரவில்லை, ஆனால் பெட்ரோல் அந்தப் பக்கமே போகாது என்பதும் சரியில்லை.

கலப்படம்_வேண்டாம்
அப்படிச் சொல்லுங்கள்.

ஓபிடி_பைத்தியம்
+5-க்குப் பொறுப்பு எத்தனால், ஹோஸுக்கு வயசு. அதற்கு மேல் நான் தரமாட்டேன். சேலம், ரீடரில் அந்த எரர் கோடை அழித்துவிட்டுச் சில நாள் ஓட்டி மறுபடி ட்ரிம் பாருங்கள், ஐடிலிங்கில் இன்னும் இறங்கும். காயிலுக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தால் திரும்ப வாங்கிவிடுங்கள்.