கத்திரி வெயிலில் புதுச்சேரி: மலையில் வாழ்ந்து பழகியவர்களுக்கு ஏற்றதா?

கேள்வி (ஏற்காட்டிலிருந்து)

அனைவருக்கும் வணக்கம். மே மாதக் கடைசியில் குடும்பத்துடன் புதுச்சேரிக்குச் சென்று ஓரிரு நாட்கள் தங்க எண்ணியுள்ளோம். கோடை விழாவுக்காக ஊரெல்லாம் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வரும் நாட்களில் நாங்கள் மலையை விட்டு இறங்குவது உறவினர்களுக்கு விந்தையாகத் தோன்றுகிறது. ஆனால் பள்ளி திறந்துவிட்டால் எங்களுக்கு வேறு வாய்ப்பில்லை. எட்டாம் வகுப்பை முடித்திருக்கும் மகள், பாரதியார் வாழ்ந்த வீட்டைப் பார்த்தே ஆகவேண்டும் என்கிறாள். உடன் வரும் என் மாமியார் எழுபது வயதைக் கடந்தவர். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறார். குளிர்ந்த இரவுகளுக்குப் பழகிய எங்களால் அந்தக் கோடையைத் தாங்க முடியுமா? எந்த நேரத்தில் எதைப் பார்ப்பது நல்லது?

பதில் (அம்மாபேட்டை, சேலம்)

தாராளமாகச் செல்லலாம், அம்மா. ஆனால் சேலத்து வெயிலை அளவுகோலாக வைத்துக்கொண்டு கடற்கரை ஊரை எடைபோடக் கூடாது. நம் ஊரில் 40 டிகிரி அடித்தாலும் காற்று உலர்ந்திருப்பதால் வியர்வை உடனே ஆவியாகி உடல் குளிர்கிறது. அங்கே வெப்பமானி இரண்டு மூன்று டிகிரி குறைவாகக் காட்டினாலும், காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் வியர்வை உலராமல் உடலிலேயே தங்கிவிடுகிறது. களைப்பும் தலைச்சுற்றலும் அதனால்தான் வருகின்றன. இரவிலும் இந்தப் புழுக்கம் முழுவதுமாகத் தணிவதில்லை. ஆகவே மற்ற எந்தச் செலவைக் குறைத்தாலும், பெரியவர் தூங்கும் அறைக்குக் குளிர்சாதன வசதி இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

கடற்காற்றைக் கவனித்து நாளை வகுத்துக்கொள்வதே முக்கியம். நிலம் சூடேறி அதன் மேலுள்ள காற்று எழும்பும்போது, கடலின் மேலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. மே மாதத்தில் உள்நாட்டிலிருந்து வரும் மேற்குக் காற்று பலமாக வீசும் நாட்களில் அது கடற்காற்றைத் தடுத்து, பிற்பகல் வரைகூடத் தாமதப்படுத்திவிடும். முற்பகல் பதினொன்றிலிருந்து மாலை நான்கு வரை வெளியே நடக்கும் திட்டம் எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை வாகனங்களுக்கு அனுமதி கிடையாது; சூரிய உதயத்துக்கு முன்பே சென்றுவிட்டால் 1836-இல் கட்டிய பழைய கலங்கரை விளக்கம், காந்தி சிலை, போர் நினைவிடம் எல்லாவற்றையும் உங்கள் மாமியாரும் நிதானமாக நடந்து பார்த்துவிடலாம்.

வெயில் காலத்தில் உப்பிட்ட மோர் நல்லதுதான். எனினும் இரத்த அழுத்த மாத்திரைகளில் சில, உடலிலிருந்து நீரையும் உப்பையும் வெளியேற்றுபவை. உப்பைக் கூட்டுவதும் எல்லோருக்கும் பொருந்தாது. எவ்வளவு நீர், எவ்வளவு உப்பு என்பதை அவருடைய மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

பதில் (அஸ்தம்பட்டி, சேலம்)

வரலாறு கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் தங்கள் மகளுக்காகவே இதை எழுதுகிறேன். புதுச்சேரி என்றவுடன் மஞ்சள் சுவர்களும் காகிதப் பூக்களும் உள்ள பிரெஞ்சுத் தெருக்களில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவோர் மிகுதி. பெரிய வாய்க்காலைத் தாண்டி மேற்கே உள்ள தமிழர் பகுதியைப் பார்க்காமல் வருவது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் செயல். தெருவை ஒட்டித் தூண்கள் தாங்கும் தாழ்வாரம், அதன் உள்ளே திண்ணை, வீட்டின் நடுவே முற்றம் என்று அந்த வீடுகள் வெயிலை அறிந்தவர்கள் கட்டியவை. வழிப்போக்கரும் நிழலில் அமரட்டும் என்று தெருப்பக்கம் இடம் விட்ட அந்தப் பண்பை மாணவர்கள் நேரில் காண வேண்டும். நேர்கோட்டில் கடலை நோக்கிச் செல்லும் தெருக்கள் பல இருப்பதால், கடற்காற்று எழுந்த பிறகு மாலையில் அங்கே நடப்பது இதமாக இருக்கும்.

பாரதியார் வாழ்ந்த வீடும் இந்தப் பகுதியில்தான், ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் உள்ளது. ‘இந்தியா’ இதழின் மீது ஆங்கிலேய அரசு நடவடிக்கை எடுத்தபோது, 1908-இல் அவர் சென்னையை விட்டுப் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். 1918 நவம்பரில் அவ்வூரை விட்டுப் புறப்பட்டதும் கடலூர் அருகே கைது செய்யப்பட்டார். பாஞ்சாலி சபதமும் கண்ணன் பாட்டும் குயில் பாட்டும் அந்தப் பத்தாண்டுகளில் பிறந்தவை. எல்லைக்கு அப்பால் காவல், எல்லைக்குள் ஒற்றர்கள், கையில் பணமில்லை என்ற நிலையில் ஒருவர் இவ்வளவும் எழுதினார் என்பதைப் போகும் வழியிலேயே மகளுக்குச் சொல்லிவையுங்கள். விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டிருந்த வ. வே. சு. ஐயரும் அரவிந்தரும் 1910-இல் அங்கே வந்து சேர்ந்தவர்கள். ஒரே சிறிய நகரில் அவர்கள் சந்தித்து உரையாடிய காலம் அது.

அரிக்கமேடு நகருக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ளது. ரோமானியரோடு வணிகம் நடந்த துறை என்பதை 1945-இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வு உலகறியச் செய்தது. ஆனால் தோண்டிய குழிகள் மூடப்பட்டுவிட்டதால், தரைக்கு மேல் மரங்களும் பிற்கால மதகுருமார் கட்டடத்தின் செங்கல் வளைவுகளுமே எஞ்சியுள்ளன. பெரியவரோடு வெயிலில் அங்கே அலைவதைவிட, பாரதி பூங்காவை ஒட்டிய அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டு மணிகளையும் மதுச்சாடித் துண்டுகளையும் பார்ப்பதே பயன் தரும். அந்த முற்பகல் வேளையைக் கூரைக்கு அடியில் கழித்ததாகவும் இருக்கும்.

பதில் (ஆத்தூர்)

பயணத்தைப் பற்றி ஒன்று. ஆத்தூர், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை, விழுப்புரம் வழியாகச் சேலத்திலிருந்து சுமார் 220 கிலோமீட்டர். நண்பகலில் பேருந்தில் உட்கார வேண்டாம். விடிவதற்குள் சேலத்தை விட்டுக் கிளம்பிவிடுங்கள்.

மீன் உணவுக்காகவும் செல்வதாக இருந்தால், கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உண்டு என்பதை நினைவில் கொள்ளுங்கள். நாட்டுப் படகுகள் கொண்டுவருவது மட்டுமே புதிய மீன். வஞ்சிரத்தின் விலை கேட்டு வாங்குவது நல்லது. கடற்கரைச் சாலையின் பெரும்பகுதி கருங்கற்கள் கொட்டிய கரையாதலால், குழந்தையை அந்தக் கற்களின் மீது இறங்க விடவே கூடாது.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. மருத்துவரிடம் கேட்ட பிறகே அறையைப் பதிவு செய்கிறோம். ஞாயிறு இரவு சென்று சேர்ந்து திங்கள் முழுவதும் சுற்றலாம் என்று எண்ணியிருந்தோம், அது சரிப்படுமா?

பதில் (அஸ்தம்பட்டி, சேலம்)

வேண்டாம், அம்மா. திங்கட்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. வெள்ளிக்கிழமையே இறங்கிவிடுங்கள்.