பள்ளிக்கூட முகாமில் பிள்ளைகளுக்கு பிரஷரும் கொலஸ்ட்ராலும் பார்க்க வேண்டுமா?

வடசேரி தகப்பன்:
எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகனுக்குப் போன மாதம் பள்ளி மருத்துவ முகாமில் பிரஷர் 138/86 என்று துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். விளக்கம் எதுவும் இல்லை. பையன் அன்று ராத்திரி சாப்பிடவில்லை. ‘தாத்தாவுக்கு வந்த மாதிரி எனக்கும் வாதம் வருமா’ என்று கேட்டான். நாலு நாள் கழித்து ஒரு குழந்தை மருத்துவரிடம் காட்டினோம். பத்து நிமிடம் சும்மா உட்கார வைத்து, பெரிய பட்டையைக் கட்டிப் பார்த்தார். 112/70. அவனுக்குக் கொஞ்சம் தடித்த கை. முகாமில் சின்னப் பட்டையைக் கட்டியிருக்கிறார்கள், அதுவும் பி.டி. பீரியட் முடிந்து ஓடிவந்த பிள்ளைக்கு. இனி கொலஸ்ட்ராலுக்கு ரத்தமும் எடுக்கப் போகிறார்களாம். இதை நிறுத்தச் சொல்லி மனு எழுதியிருக்கிறேன். மற்ற பெற்றோரும் கையெழுத்துப் போடுங்கள்.

தக்கலை சிஸ்டர்:
பையனை அப்படிக் கலங்க வைத்தது தப்புதான் தம்பி. ஆனால் தப்பு அளந்த விதத்தில் இருக்கிறது. பட்டைக்குள் உள்ள காற்றுப்பையின் அகலம் கைச் சுற்றளவில் 40 சதவீதமாவது வேண்டும். சிறிதாக இருந்தால் கூடுதலாகத்தான் காட்டும். முதுகு சாய்த்து, கால் ஊன்றி, ஐந்து நிமிடம் உட்கார வேண்டும். வேறு வேறு நாளில் மூன்று தடவை கூடுதலாக இருந்தால்தான் ரத்த அழுத்தம் என்ற பேச்சே.

நான் வார்டில் இருந்தபோது காய்ச்சலுக்கு வந்த ஒரு பத்து வயதுப் பையன். காய்ச்சல் விட்ட பிறகும் வலது கையில் பிரஷர் இறங்கவில்லை. டாக்டர் சொல்லித் தொடை இடுக்கில் விரல் வைத்துப் பார்த்தேன். மணிக்கட்டில் துள்ளிய நாடி அங்கே இருக்கிறதா என்றே தெரியவில்லை. இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாயான மகாதமனி பிறவியிலேயே ஓரிடத்தில் சுருங்கியிருந்தது. திருவனந்தபுரத்துக்கு அனுப்பிச் சரி செய்தார்கள். அதுவரை அவன் கையில் யாரும் பட்டையே கட்டியதில்லை.

குழித்துறை மாணவன்:
சிஸ்டர், அவன் ஆஸ்பத்திரிக்கு வந்த பிள்ளை. முகாமில் வரிசையில் நிற்பவர்கள் நன்றாக இருக்கும் பிள்ளைகள். அமெரிக்காவில் நோய்த்தடுப்புப் பரிசோதனைகளை எடைபோடும் நிபுணர் குழு, அறிகுறி இல்லாத பிள்ளைகளுக்கு பிரஷர் பார்ப்பது பற்றி 2020-லும் கொலஸ்ட்ரால் பார்ப்பது பற்றி 2023-லும் ஒரே முடிவைத்தான் சொன்னது: நன்மையா தீமையா எது கூடுதல் என்று சொல்ல ஆதாரம் போதாது.

தக்கலை சிஸ்டர்:
போதாது என்றார்கள், வேண்டாம் என்று சொல்லவில்லையே. அதே நாட்டுக் குழந்தை மருத்துவர் சங்கம் 3 வயதிலிருந்து வருடம் ஒரு தடவை பிரஷர் பார்க்கச் சொல்கிறது. கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்க வீரர்களின் இதயத்தைத் திறந்து பார்த்ததை 1953-ல் எழுதினார்கள். சராசரி வயது 22. நாலில் மூன்று பேருக்கு இதயத் தமனியில் அடைப்பு நோயின் தடயம் இருந்தது. 22 வயதில் அது கண்ணுக்குத் தெரிகிறது என்றால் எப்போது தொடங்கியிருக்கும்? 2022-ல் வந்த ஆய்வு 38,589 பேரைச் சிறு வயதிலிருந்தே தொடர்ந்து பார்த்தது. பிள்ளையாக இருந்தபோது எடை, பிரஷர், கொலஸ்ட்ரால் கூடியிருந்தவர்களுக்குத்தான் பின்னால் இதய நோயும் கூடுதல்.

குழித்துறை மாணவன்:
அந்த ஆய்வை நானும் படித்தேன். சராசரி 35 வருடத்தில் இதய, ரத்தநாள நோயால் இறந்தவர்கள் 319 பேர். நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. அமெரிக்கா, பின்லாந்து, ஆஸ்திரேலியா பிள்ளைகள்தான் அதில் இருந்தார்கள்.

தக்கலை சிஸ்டர்:
சராசரியாக ஐம்பதைத் தொடாதவர்கள் அவர்கள். அந்த வயதுக்குள் 319 சாவு உங்களுக்குச் சின்னக் கணக்கா?

குளச்சல் கடற்கரை:
பள்ளி வாசலில் பப்ஸும் ஏத்தங்காய் சிப்ஸும் கலர் சோடாவும். அதற்கு என்ன வழி என்று யாராவது சொல்லுங்கள்.

வடசேரி தகப்பன்:
சரி, பிரஷர் முறையாகப் பார்த்தால் எனக்குத் தடையில்லை. மனுவில் மாற்றிவிடுகிறேன். ரத்தம் எடுப்பதில்தான் மனம் ஒப்பவில்லை. குடும்பத்தில் இளவயதில் மாரடைப்பு வந்திருந்தால் அந்தப் பிள்ளைகளுக்கு மட்டும் எடுக்கட்டும். மற்றவர்களை ஏன் குத்த வேண்டும்?

கருங்கல் அம்மா:
அண்ணா, எனக்கு எட்டு வயதில் அப்பா மஸ்கட்டில் இறந்தார். அவருக்கு 39. ‘ராத்திரி படுத்தவர் காலையில் எழும்பவில்லை’ என்று கூட இருந்தவர்கள் சொன்னது மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். குடும்பத்தில் மாரடைப்பு உண்டா என்று கேட்டால் நான் என்ன எழுதுவது? நம் ஊரில் இப்படி எத்தனை வீடு!

34 வயதில் வேறு எதற்கோ ரத்தம் பார்த்தபோது எனக்குக் கெட்ட கொழுப்பு 240. டாக்டர் என் குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாணைத் தொட்டுக் காட்டினார். இரண்டு காலிலும் கயிறு முறுக்கினாற்போலத் தடித்திருந்தது. செருப்பு உரசி வந்த தடிப்பு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பிறவியிலேயே வரும் கொழுப்புக் கோளாறு இது. ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்கு இருக்கும், பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. என் இரண்டு பிள்ளைகளுக்கும் பார்த்தோம். இளையவனுக்கு இல்லை. மூத்தவளுக்கு இருக்கிறது. வயது 11. ஒல்லிக்குச்சி, பப்ஸ் தொட்டுப் பார்க்க மாட்டாள். பார்த்தால் யாரும் நம்ப மாட்டார்கள். ராத்திரி மாத்திரையை அவளே எடுத்துப் போட்டுக்கொள்கிறாள், காலையில் ஓடப் போகிறாள்.

உங்கள் மனுவில் நான் கையெழுத்துப் போட மாட்டேன் அண்ணா.