எலிக் கணக்கு குரங்குக்கு ஆகுமா?

அம்பைக்காரன்:
நேத்து பாபநாசம் படித்துறையில ஈரத்துணியோட நிக்கேன். வயித்துல குட்டி தொங்க ஒரு தாய்க்குரங்கு வந்து, பூந்திப் பொட்டலத்தைப் பிடுங்கிட்டுப் போயிட்டு. வருஷாவருஷம் கூட்டம் பெருகுது. கரு பதிய ஈஸ்ட்ரோஜன்ங்குத ஹார்மோன்தானே வேணும்? அதைத் தடுக்குத மருந்தைப் பழத்துல வச்சுக் குடுத்தா என்ன?

எலிப்பொறி:
நல்ல யோசனை அண்ணாச்சி. எம்.எஸ்சி. படிக்கையில கண்ணால பாத்திருக்கேன். ஈஸ்ட்ரோஜன் சுரக்குத சூலகத்தை (ஓவரி) எடுத்த எலிக்கு, புரோஜெஸ்டிரோன்ங்குத இன்னொரு ஹார்மோனை மட்டும் குடுத்தா கரு ஒட்டாம கருப்பையில மிதந்துகிட்டே கிடக்கும். கொஞ்சூண்டு ஈஸ்ட்ரோஜன் போட்டதும் பதிஞ்சிரும்.

பாளை டீச்சர்:
தம்பி, அது எலிக்கு. குரங்குக்கு அப்படியே பொருந்தும்னு யார் சொன்னா? 1994ல தில்லி எய்ம்ஸ்ல கோஷ், டே, சென்குப்தா மூணு பேரும் சூலகம் எடுத்த ரீசஸ் குரங்குக்குள்ள வேறொரு குரங்கோட கருவை வச்சாங்க. கரு பதியுத கட்டத்துல சூலக ஈஸ்ட்ரோஜனே கிடையாது, புரோஜெஸ்டிரோன்தான். கர்ப்பம் நின்னுச்சு.

எலிப்பொறி:
ரீசஸ் வடக்கத்திக் குரங்கு டீச்சர். பாபநாசத்துல பொட்டலம் பிடுங்குதது நாட்டுக்குரங்கு. அதை வச்சே பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யில ரவீந்திரநாத்தும் மௌட்கலும் 1987ல பாத்திருக்காங்களே! ஈஸ்ட்ரோஜனைத் தடுக்குத டாமாக்ஸிஃபென் குடுத்தாங்க, கர்ப்பம் தங்கல. இதுக்கு என்ன சொல்லுதீய?

பாளை டீச்சர்:
டாமாக்ஸிஃபென் சில திசுவுல தடுக்கும், சிலதுல ஈஸ்ட்ரோஜன் மாதிரியே நடிக்கும். பூட்டுக்குள்ள ஈர்க்குச்சியை ஒடிச்சு விட்டுட்டு, கதவு திறக்காததுக்கு சாவி இல்லாததுதான் காரணம்னு சொல்ல முடியுமா? மருந்து நேரா கருவையே பாதிச்சிருக்கலாமே.

முக்கியமான ஆள் புரோஜெஸ்டிரோன். ரீசஸ்ல கருத்தரிச்சு ஒன்பதாம் நாள் வாக்குல கரு கருப்பைச் சுவர்ல ஒட்டும். ஒட்டின கையோட கோரியானிக் கோனடோட்ரோபின்ங்குத ஹார்மோனைச் சுரந்து, சூலகத்துல புரோஜெஸ்டிரோன் சுரக்குத, வாடப்போற கார்பஸ் லூட்டியத்தைத் தட்டி எழுப்பும். மூணு வாரம் தாண்டுனா நஞ்சுக்கொடி தன் சோத்தைத் தானே பொங்கிக்கிடும், அதாவது புரோஜெஸ்டிரோனைத் தானே சுரந்துக்கிடும். அப்புறம் சூலகத்தையே எடுத்தாலும் கர்ப்பம் கலையாது. மனுஷிக்கு அந்தக் கைமாற்றம் நடக்க ஏழெட்டு வாரம் ஆகும். குரங்குக்குக் குரங்கே இப்படின்னா, எலியை எங்க கொண்டுபோய் வைக்க?

களக்காட்டு வைத்தியர்:
நான் கால்நடை டாக்டர். உங்க சண்டைக்குள்ள வரல. பழத்தை வச்சா முதல்ல வந்து கன்னப்பையை நிரப்பிக்கிடுதது தடிக்கடுவன். பொட்டைக்குக் கிடைக்குதது தோலும் கொட்டையும். மருந்து எவ்வளவு உள்ள போச்சுன்னு யார் அளக்க? முண்டந்துறைப் பக்கம் சோலைமந்தியும் (சிங்கவால் குரங்கு) இருக்கு. அழிவுல நிக்குத அது எடுத்துத் தின்னா யார் பொறுப்பு?

அம்பைக்காரன்:
அதுவும் சரிதான். இனி பூந்தியை மடியில கட்டிக்கிட்டுத்தான் குளிக்கணும் போல.

எலிப்பொறி:
அண்ணாச்சி விட்டாலும் நான் விடல. டீச்சர், எய்ம்ஸ்காரங்க எடுத்தது சூலகத்தை மட்டும். கரு தானே ஈஸ்ட்ரோஜன் சுரந்தா?

பாளை டீச்சர்:
அது நியாயமான கேள்வி. அவங்களும் சூலக ஈஸ்ட்ரோஜன் அவசியமில்லன்னுதான் எழுதினாங்க, ஈஸ்ட்ரோஜனே வேண்டாம்னு இல்ல. நான் முதல்லயே இதைப் பிரிச்சுச் சொல்லியிருக்கணும். ஆனா டாமாக்ஸிஃபெனை மட்டும் சாட்சிக்கு இழுக்காதீங்க.

எலிப்பொறி:
இழுப்பேன் டீச்சர். நாட்டுக்குரங்குல நடந்தது அது ஒண்ணுதானே கையில இருக்கு.